மேப்பிள் ஏன் சிவக்கிறது? இலையுதிர் காலக் கேள்வி பதில்

டொராண்டோவிலும் சுற்றுவட்டாரத்திலும் இலைகள் நிறம் மாறத் தொடங்கியதும் கேள்விகளும் வரத் தொடங்கிவிடும். தாவரவியல் படித்தவள், மரங்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவள் என்பதால் எனக்கு இது பிடித்தமான பருவம். இந்த முறை வந்தவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, நாங்கள் கனடாவுக்கு வந்து இதுதான் முதல் இலையுதிர் காலம். ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டு முன்னால் நிற்கும் மரம் முழுக்க மஞ்சளாகிக் கொட்டுகிறது. மரம் செத்துக்கொண்டிருக்கிறதா?

இல்லை, நன்றாக உயிரோடு இருக்கிறது. உயிரோடு இருப்பதால்தான் அதனால் இலையை உதிர்க்கவே முடிகிறது. இதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய ஆதாரம் உண்டு. கோடையில் காற்றில் முறிந்து தொங்கும் கிளையைப் பாருங்கள். அதன் இலைகள் காய்ந்து பழுப்பாகிக் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மற்ற கிளைகள் எல்லாம் வெறுமையான பிறகும் அவை விழாது. செத்த கிளைக்கு இலையைக் கழற்றிவிடும் சக்தி கிடையாது.

நம்பிக்கை வரவில்லை என்றால் இலை விழுந்த இடத்துக்கு மேலே உற்றுப் பாருங்கள். சின்ன மொட்டு ஒன்று செதில் மூடி உட்கார்ந்திருக்கும். அடுத்த வசந்தத்துக்கான இலை அதற்குள் இருக்கிறது. மரம் அதைக் கோடையிலேயே தயார் செய்து வைத்துவிட்டது.

மஞ்சள் நிறம் பச்சைக்கு அடியில் முதலிலிருந்தே ஒளிந்திருக்கிறது என்று படித்தேன். சிவப்பும் அப்படித்தானா?

மஞ்சளுக்கு நீங்கள் படித்தது சரி, சிவப்புக்கு அப்படி இல்லை. பலர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

இலையின் பச்சையம் நிலையான பொருள் அல்ல. வெயிலில் சிதைந்துகொண்டே இருக்கும், மரமும் கோடை முழுவதும் புதிதாகச் செய்துகொண்டே இருக்கும். டொராண்டோவில் ஜூன் கடைசியில் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல் நீளும். அக்டோபர் நடுவில் ஏறக்குறைய 11 மணி நேரம்தான். இரவு நீள்வதை மரம் உணர்கிறது. குளிரும் சேர்ந்துகொள்ள, பச்சையம் செய்வதை நிறுத்தி, இருப்பதைப் பிரித்துப்போட ஆரம்பிக்கிறது. அப்போது இலையில் ஏற்கெனவே இருந்த கரோட்டினாய்டுகள் என்ற மஞ்சள் நிறமிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. பிர்ச், ஆஸ்பென், கிங்கோ மரங்களின் மஞ்சள் இதுதான்.

சிவப்பைக் கொடுப்பது ஆந்தோசயனின். பெரும்பாலான மரங்களின் கோடை இலையில் இது இருக்காது. இலை முடியப்போகிற கடைசி வாரங்களில், சர்க்கரையைச் செலவழித்து, மரம் இதைப் புதிதாகத் தயாரிக்கிறது. ஓக் இலையின் பழுப்பு மூன்றாவது வகை. மற்ற நிறமிகள் போன பிறகு மிஞ்சும் டானின்கள் என்ற துவர்ப்புப் பொருட்களின் நிறம் அது.

விழப்போகிற இலைக்கு எதற்குப் புதுச் சாயம்? வீண் செலவு இல்லையா?

வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. தாவரவியலாளர்கள் இன்னும் விவாதிக்கும் விஷயம், ஆனால் நல்ல விடைகள் இருக்கின்றன.

இலையில் மரம் போட்டிருக்கும் பெரிய முதலீடு நைட்ரஜன். ஒளிச்சேர்க்கைக்கான புரதங்களில்தான் அதில் பெரும்பகுதி கிடக்கிறது. மண்ணிலிருந்து அதை எடுப்பது எளிதல்ல. அதனால் இலையைக் கைவிடுவதற்கு முன் அந்தப் புரதங்களை உடைத்து, நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் கிளைக்கும் தண்டுக்கும் வேருக்கும் திருப்பி அனுப்புகிறது. சராசரியாகப் பார்த்தால் இலையில் இருந்த நைட்ரஜனில் பாதி அளவுக்கு இப்படித் திரும்பிவிடும்.

இதில் ஓர் ஆபத்து. பிரிக்கப்படும் நிலையில் இருக்கும் பச்சையம் வெயிலைத் தொடர்ந்து வாங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் அந்தச் சக்தியைப் பயன்படுத்தும் இயந்திரம் பாதி கழன்று கிடக்கும். மிஞ்சும் சக்தி ஆக்சிஜனோடு வினைபுரிந்து செல்களைச் சேதப்படுத்தும். வேலை முடிவதற்குள் இலை கருகிவிட்டால் நைட்ரஜன் போச்சு. அந்த நேரத்தில் ஆந்தோசயனின் இலையின் மேல் பந்தல் போட்டதுபோல் வெயிலைத் தணிக்கிறது என்பது ஒரு விளக்கம். 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மரபணு மாறியதால் ஆந்தோசயனின் செய்ய முடியாத திரிபுச் செடிகளைச் சாதாரணச் செடிகளோடு சேர்த்து, கடும் ஒளியிலும் குளிரிலும் வைத்துப் பார்த்தார்கள். சிவக்க முடியாதவை குறைவான நைட்ரஜனையே மீட்டன. எனக்கு இந்த விளக்கம்தான் வலுவாகப் படுகிறது.

இன்னொரு விளக்கம் பரிணாமவியலாளர் வில்லியம் ஹாமில்டனும் சாமுவேல் பிரவுனும் முன்வைத்தது. ஹாமில்டன் இறந்த பிறகு, 2001இல் அந்தக் கட்டுரை வெளியானது. இலையுதிர் காலத்தில் முட்டையிட மரம் தேடும் அசுவினிப் பூச்சிகளுக்கு, ‘நான் திடமான மரம், என்னிடம் வராதே’ என்று பளிச்சென்ற நிறம் எச்சரிக்கிறது என்பது அவர்கள் வாதம். இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஒரே நிறமி இரண்டு வேலையும் செய்யலாம்.

ஒரே மரத்தில் தெற்குப் பக்கம் சிவப்பு, உள்ளே மஞ்சள். ஏன்?

ஆந்தோசயனின் உருவாக வெளிச்சம் வேண்டும், சர்க்கரையும் வேண்டும். வெயில் படும் இலையில் இரண்டும் தாராளம். பகலில் நல்ல வெயில், இரவில் உறைபனிக்குச் சற்று மேலான குளிர் என்று தொடர்ந்து சில நாட்கள் அமைந்தால் அந்த ஆண்டு சிவப்பு அள்ளிக்கொண்டு போகும். பகலில் செய்த சர்க்கரை, குளிர்ந்த இரவில் இலையை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். மேகமூட்டமும் மழையுமாக இருந்தால் நிறம் மங்கும்.

காற்றுதானே இலையைப் பிய்க்கிறது?

கடைசித் தள்ளு காற்றுடையது, வேலை முழுக்க மரத்துடையது. இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மெல்லிய செல்களால் ஆன அடுக்கு ஒன்று இருக்கிறது. இலை நல்ல நிலையில் இருக்கும்வரை அதிலிருந்து ஆக்சின் என்ற ஹார்மோன் காம்பு வழியாக வந்துகொண்டே இருக்கும், அந்த அடுக்கும் உறுதியாக இருக்கும். இலை முதிரும்போது ஆக்சின் குறைகிறது, எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோனின் கை ஓங்குகிறது. அந்த அடுக்கின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பொருளை நொதிகள் கரைக்கின்றன. அதற்குக் கீழே தக்கை போன்ற ஓர் அடுக்கு வளர்ந்து காயத்தை மூடிவிடுகிறது. பழம் காம்பிலிருந்து கழல்வதும் இதே வழியில்தான்.

பூங்காவில் குதிரைச் செஸ்ட்நட் மரம் இருந்தால், இலை உதிர்ந்த கிளை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தழும்பும் லாட வடிவில் இருக்கும், அதற்குள் வளைவாகச் சில புள்ளிகள், ஆணி அடித்த மாதிரி. அந்தப் புள்ளிகள்தான் தண்ணீரையும் சர்க்கரையையும் கடத்திய குழாய்களின் முனைகள். எல்லாம் அடைக்கப்பட்டு, தொட்டால் காய்ந்து வழவழப்பாக இருக்கும்.

பைன் மட்டும் பச்சையாக நிற்கிறதே. மற்ற மரங்கள் ஏன் கொட்ட வேண்டும்?

அகன்ற மெல்லிய இலை, கோடையில் நல்ல வருமானம் தரும். குளிர்காலத்தில் அதுவே பாரம். மண் உறைந்தால் வேரால் தண்ணீர் எடுக்க முடியாது, மென்மையான இலையும் உறைந்து கிழியும். பனியின் எடை வேறு. 2011 அக்டோபர் கடைசியில் அமெரிக்காவின் வடகிழக்கில் எதிர்பாராத பனிப்புயல் அடித்தபோது மரங்களில் இலை இன்னும் நிறைய இருந்தது. ஈரப்பனி இலைகளில் தங்கி, கிளைகள் மின்கம்பிகள் மேல் முறிந்து விழுந்து, 30 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. கனெக்டிகட் மாநிலம் மிகவும் அடிவாங்கியது.

பைனின் ஊசியிலை ஒல்லி, மெழுகு பூசியது, உறைபனியைத் தாங்கும். ஆனால் அதுவும் உதிர்க்கும். வெள்ளைப் பைனின் உட்பக்க ஊசிகள் இந்த மாதங்களில் மஞ்சளாகி விழுவதைப் பார்த்துப் பயந்து என்னைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. அவை பழைய ஊசிகள், பயம் வேண்டாம். டமராக் என்கிற லார்ச் மரமோ ஊசியிலை மரமாக இருந்தும் பொன்னிறமாகி மொத்தமாகக் கொட்டிவிடும்.

கன்னியாகுமரிப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம் டிசம்பர், ஜனவரியில் மொட்டையாகிவிடும். அங்கே பனியே இல்லையே?

அங்கே பிரச்சினை தண்ணீர். மழை ஓய்ந்து வறட்சி வரும்போது இலை வழியாக ஆவியாகும் நீரை மிச்சம் பிடிக்க மரம் இலையைக் கழற்றுகிறது. முதுமலையில் தேக்கு கோடைக்கு முன் கொட்டுவதும் இதனால்தான். வீட்டு வாசல்களில் நிற்கும் நாட்டு வாதுமை விழும் முன் செக்கச்செவேலென்று சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: மாந்தளிரின் செம்மையும் ஆந்தோசயனின்தான். அங்கே இலை பிறக்கும்போது, இங்கே இலை முடியும்போது. ஒளிச்சேர்க்கை இயந்திரம் முழுமையாக இல்லாத இரண்டு சமயங்களிலும் அந்த நிறமி வருவது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

லண்டனில் இந்தச் சிவப்பு அவ்வளவாக இல்லையே?

ஐரோப்பாவின் சொந்த மரங்களில் மஞ்சள்தான் அதிகம். வட அமெரிக்காவிலும் கிழக்கு ஆசியாவிலும் சிவக்கும் இனங்கள் நிறைய. ஏன் என்பதற்கு ஒருமித்த விடை இல்லை.

டொராண்டோவுக்கு வடக்கே இருக்கும் அல்கோன்குவின் பூங்காவுக்கு எப்போது போகலாம்?

மேப்பிளின் சிவப்பும் ஆரஞ்சும் வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசி வாரத்தை ஒட்டி. தவறவிட்டால் கவலை வேண்டாம், அக்டோபரில் ஆஸ்பெனும், அதன் பின் டமராக்கும் பொன்னிறமாகும். கூட்டமும் குறைவாக இருக்கும். டொராண்டோ நகருக்குள் அக்டோபர் பின்பாதிதான் நல்ல நேரம்.

எங்கள் தெரு மேப்பிள் இலைகளில் தார் கொட்டியது போலக் கறுப்புப் புள்ளிகள். மருந்து அடிக்க வேண்டுமா?

வேண்டாம். அது அநேகமாக நார்வே மேப்பிள், புள்ளி ஒரு பூஞ்சை. பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர மரத்துக்குப் பெரிய கேடில்லை. விழுந்த இலைகளைக் கூட்டி அகற்றினால் அடுத்த ஆண்டு கொஞ்சம் குறையும். கவலைப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு: மற்றவை பச்சையாக இருக்கும்போது ஒரு மரம் மட்டும், அல்லது ஒரு கிளை மட்டும், சில வாரங்கள் முன்பே நிறம் மாறினால் வேர்ப்பகுதியைப் பாருங்கள். வறட்சி, இறுகிய மண், தண்டைச் சுற்றி நெரிக்கும் வேர் ஆகியவை பொதுவான காரணங்கள்.

மகள் ஐந்தாம் வகுப்பு. வீட்டில் செய்து பார்க்க ஏதாவது சொல்லுங்கள்.

இன்னும் பச்சையாக இருக்கும் இலைகளைப் பொடியாகக் கிழித்து, கண்ணாடிக் குவளையில் நசுக்கி, மூழ்கும் அளவுக்கு மருந்துக்கடை ஆல்கஹால் ஊற்றி மூடிவையுங்கள். அந்தக் குவளையை வெந்நீர்ப் பாத்திரத்தில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். அடுப்பில் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். அப்புறம் காபி வடிதாளில் ஒரு கீற்று வெட்டி நுனி மட்டும் நனையும்படி தொங்கவிடுங்கள். சாறு மேலேறும்போது பச்சை ஓரிடத்திலும் மஞ்சள் வேறிடத்திலும் பிரிந்து நிற்கும். மஞ்சள் முதலிலிருந்தே இருந்தது என்று நான் மேலே சொன்னதை அவளே பார்த்துவிடுவாள். இன்னொன்று: சிவக்கத் தொடங்காத மேப்பிள் இலையின் ஒரு பகுதியை மரத்திலேயே அலுமினியத் தாளால் மூடிவையுங்கள். இலை சிவந்த பிறகு பிரித்தால் மூடிய இடம் பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும்.

ஓக் மரம் ஜனவரியிலும் காய்ந்த இலையோடு நிற்கிறதே?

ஓக், பீச் இரண்டிலும், குறிப்பாக இளம் மரங்களிலும் கீழ்க்கிளைகளிலும் இது சகஜம். பிரிக்கும் அடுக்கு முழுமையாக வேலை முடிக்காமல் நின்றுவிடுகிறது, வசந்தத்தில் மிச்சம் விழும். மொட்டுகளை மான் கடிக்காமல் காய்ந்த இலை காக்கிறது என்று சிலர் கருதுகிறார்கள்.

இலைகளை எல்லாம் கூட்டித்தான் ஆக வேண்டுமா?

நடைபாதையிலும் வடிகால் வாயிலும் இருப்பதைக் கட்டாயம். அவற்றைக் காகிதப் பையில் போட்டு வெளியே வைக்கலாம். புல்வெளியில் மெல்லிய அடுக்காகக் கிடப்பதைப் புல்வெட்டியால் பொடித்து அங்கேயே விடுங்கள். செடிகளுக்கு அடியில் கிடப்பதைத் தொடாதீர்கள். மண்புழுவும் பூஞ்சையும் அதை மண்ணாக்கும், பல பூச்சிகள் குளிர்காலத்தை அதற்குள்தான் கழிக்கின்றன.

பிள்ளைகள் சிவப்பு இலையாகப் பார்த்துப் பொறுக்குகிறார்கள். பயப்பட ஏதாவது உண்டா?

உண்டு. பாய்சன் ஐவி என்ற நச்சுக் கொடியும் இந்த நாட்களில் அழகாகச் சிவக்கும். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள், நடு இலைக்கு மட்டும் நீளமான தனிக்காம்பு. வேலியோரம், காட்டுப் பாதையோரம், மரத்தண்டில் ஏறியபடி இருக்கும். அதன் எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம் வரும், உதிர்ந்து காய்ந்த இலையிலும் அந்த எண்ணெய் போகாது. பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள், உடுப்பையும் தனியாகத் துவையுங்கள். குப்பையோடு சேர்த்து எரிக்கவே கூடாது, அந்தப் புகை நுரையீரலைத் தாக்கும்.