லென்ஸ் பைக்குள் ஒரு வளையம்: முன்கூட்டியே முடிவு செய்ய இயலாதா?

கேள்வி: என் தாயாருக்கு 71 வயது. கண்மணியின் ஓரத்தில் வெண்பொடி போன்ற படிவு இருப்பதால், கண்புரை அறுவை சிகிச்சையின்போது ‘சி.டி.ஆர்.’ (லென்ஸ் பையை விரித்துத் தாங்கும் வளையம்) என்ற ஒன்று தேவைப்படலாம் என்றும், அதை அப்போதுதான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றும் மருத்துவர் கூறுகிறார். முன்பே தெரியாதா? பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

பதில்: கண்ணின் லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது, அந்தப் பையைச் சுற்றிலும் நுண்ணிழைகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. கயிற்றுக் கட்டிலில் ஒரு பக்கக் கயிறு தளர்ந்தால் படுக்கை அந்தப் பக்கம் தொய்வதைப்போல, இழைகள் ஓரிடத்தில் நைந்தால் பையும் நிலைகுலைகிறது. பையைவிடச் சற்றே பெரிதான, முனைகள் இணையாத இவ்வளையத்தைச் சுருக்கி உள்ளே செலுத்தினால், அது விரிந்து பையின் விளிம்பை வெளிநோக்கித் தள்ளி, நலிந்த இழைகளின் சுமையை வலுவான இழைகளுக்குப் பகிர்ந்துவிடுகிறது. சுருங்காத நிலையில் 12.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையம், ஏறக்குறைய 10 மில்லிமீட்டருக்குச் சுருங்கி அமரும்.

தங்கள் தாயாருக்குள்ள படிவு, இழைகளை மெல்ல மெல்ல நலியச் செய்வது. ஆனால் அந்த இழைகள் கருவிழித்திரைக்குப் பின்னால் மறைந்திருப்பதால், கண் அசையும்போது லென்ஸ் நடுங்குகிறதா என்பது போன்ற அறிகுறிகளைக் கொண்டு நாங்கள் ஊகிக்கத்தான் முடியும். பையின் முன்சுவரை வட்டமாகத் திறக்கும்போது அது சுருக்கம் விழுந்து நழுவுகிறதா என்று பார்த்த பிறகே உண்மை நிலை தெரியும். அப்போதும் அவசரப்படக்கூடாது: புரையை அகற்றுமுன் வளையத்தை வைத்தால் நலிந்த இழைகள் மேலும் அறுபடலாம், மிச்சத் திசுவும் வளையத்துக்கு அடியில் சிக்கிக்கொள்ளும், பை தாங்கும் வரை காத்திருப்பதையே நான் விரும்புவேன். முன்சுவரின் விளிம்போ பின்சுவரோ கிழிந்துவிட்டால் இந்த வளையத்தை வைக்கவே கூடாது, ஏனெனில் அது கிழிசலைப் பெரிதாக்கிப் பின்னால் விழுந்துவிடக்கூடும். ஆகவே ‘கட்டாயம் வைப்போம்’ என்று இப்போதே வாக்களிக்கும் மருத்துவரைவிட, தங்கள் மருத்துவரின் பதிலே எனக்கு நம்பிக்கை தருகிறது.

பையின் சுற்றைக் கடிகார முகப்பாகக் கொண்டால், நான்கு மணி அளவுக்கு மேல், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல், இழைகள் அறுந்திருந்தால் சாதாரண வளையம் போதாது. வெண்விழியோடு தைக்கக்கூடிய, சியோனி என்ற கண் மருத்துவர் வடிவமைத்த வளையம் போன்றவை தேவைப்படும். இவை அறுவை அரங்கில் தயாராக இருக்குமா, கட்டணத்தில் அடங்குமா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ. பற்றிய அச்சம் வேண்டாம். வளையம் உலோகமன்று, 1949இல் ஆங்கிலேயக் கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி முதல் செயற்கை லென்ஸுக்குப் பயன்படுத்திய அதே பி.எம்.எம்.ஏ. பிளாஸ்டிக். ஆயுள் முழுவதும் உள்ளேயே இருக்கலாம்.

ஆனால் வளையம் இழைகளைக் குணப்படுத்துவதில்லை. நலிவு தொடர்வதால், பல ஆண்டுகளுக்குப் பிறகு வளையத்தோடும், அறுவையில் உள்ளே வைத்த செயற்கை லென்ஸோடும் பையே நழுவுவதுண்டு. இப்படிவு கண்ணின் உள்ளழுத்தத்தையும் கூட்டக்கூடியது. ஆண்டுதோறும் லென்ஸின் நிலை, கண்ணழுத்தம் இரண்டையும் பரிசோதிக்க வேண்டும். பார்வை திடீரென மங்கினாலோ இரட்டையாகத் தெரிந்தாலோ அந்தத் தேதிவரை காத்திராமல் உடனே செல்லுங்கள்.