அசிமா சாட்டர்ஜியின் செடிகள் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

என் மகள் இளங்கலை வேதியியல் கடைசி வருடம் படிக்கிறாள். மூலிகைகளை ஆராயப் போகிறேன், எம்.எஸ்சி. முடித்து பிஎச்.டி.யும் செய்வேன் என்று நிற்கிறாள். வேதியியலாளர் அசிமா சாட்டர்ஜிதான் அவளுக்கு முன்மாதிரி. நானும் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் டி.எஸ்சி. என்ற அறிவியல் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் (1944), அறிவியலுக்கான பட்நாகர் விருது வாங்கிய முதல் பெண் (1961), இந்திய அறிவியல் மாநாட்டின் தலைவரான முதல் பெண் (1975), பத்மபூஷண், மாநிலங்களவை உறுப்பினர், நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்தைக் கண்டுபிடித்தவர். படிக்கப் பெருமையாக இருந்தது. ஆனால் எல்லோருக்கும் அப்படி அமையுமா? சித்தர்களே எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டார்கள், இனி புதிதாக என்ன இருக்கிறது? மகளை அனுப்பலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கொஞ்ச நாளாக நானும் அசிமா சாட்டர்ஜியைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்த உடனடிப் பதில். முதலில் ஒரு கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் மூன்று ‘முதல் பெண்’ இருக்கிறது, விருது இருக்கிறது, பதவி இருக்கிறது. வாழ்நாள் முழுக்கச் செடிகளோடு இருந்த ஒருவரைப் பற்றிய கடிதத்தில் செடி ஒன்றே ஒன்றுதான் வருகிறது. அதுவும் தப்பாக வருகிறது.

நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தவர்கள் கனடாவின் ராபர்ட் நோபிள், சார்லஸ் பியர் என்ற இருவர். ஆண்டு 1958. ஜமைக்காவில் நீரிழிவுக்கு அந்த இலையைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சர்க்கரையைக் குறைக்கிறதா என்று பார்க்கத்தான் ஆரம்பித்தார்கள். சர்க்கரை குறையவில்லை. சோதனை எலிகளின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்தன. அப்படியானால் ரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமே என்ற யோசனை அங்கிருந்து பிறந்தது. அசிமாவும் அந்த வகை ஆல்கலாய்டுகளில், அதாவது செடிகளில் இருக்கும் நைட்ரஜன் கலந்த வேதிப்பொருள்களில், நெடுங்காலம் வேலை செய்தவர்தான். ஆனால் அந்த மருந்து அவர் கண்டுபிடித்ததல்ல. வாட்ஸ்அப்பில் வருகிறது என்பதற்காக அடுத்தவர் வேலையைத் தூக்கி அவர் கையில் கொடுக்காதீர்கள். அவர் செய்த வேலை ஏராளமாக இருக்கும்போது எதற்கு இது?

ஆரைக்கீரை தெரியும்தானே? வாய்க்கால் ஓரத்திலும் நெல்வயலிலும் நான்கு சிற்றிலைகளோடு தானாக முளைத்துக் கிடக்குமே, அதுதான். அதையும் சடாமாஞ்சிலையும் வைத்து அவர் உருவாக்கிய வலிப்பு மருந்தின் பெயர் ஆயுஷ்-56. மலேரியாவுக்காக ஏழிலைப்பாலை, கடுகுரோகிணி, கழற்சிக்காய் ஆகியவற்றில் வேலை செய்தார். சர்ப்பகந்தா என்ற மூலிகையின் ஆல்கலாய்டுகளில் அணுக்கள் எந்தத் திசையில் எப்படி அமர்ந்திருக்கின்றன என்று ஆராய்ந்தார். ‘முதல் பெண்’ என்று பகிர்கிறவர்களில் எத்தனை பேர் ஆரைக்கீரையைச் சொல்கிறார்கள்?

வேலை எப்படி நடக்கும் என்பதையும் சொல்கிறேன், உங்கள் மகள் செய்யப் போவது அதைத்தானே. வேரையோ பட்டையையோ உலர்த்திப் பொடிக்க வேண்டும். கரைப்பானில் ஊறவைத்து வடித்து, அந்தச் சாற்றைப் பிரித்து, மறுபடி பிரித்து, கிலோக் கணக்கான பொடியிலிருந்து கடைசியில் சில மில்லிகிராம் படிகம் கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டும். அது என்ன மூலக்கூறு என்று இன்று என்.எம்.ஆர். கருவி காட்டிக்கொடுத்துவிடும். 1940களின் கல்கத்தாவில் அந்த வசதி கிடையாது. மூலக்கூறைத் துண்டு துண்டாக உடைத்து, துண்டுகளை அடையாளம் கண்டு, முழு உருவத்தை ஊகிக்க வேண்டும். பகுப்பாய்வுக்கு மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பி, அதற்குக் கைக்காசும் போட்டிருக்கிறார். 1947-ல் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அமெரிக்கா போனார். பிறகு சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் பால் கேரர் என்ற வேதியியலாளரிடம் வேலை செய்தார். 1950-ல் திரும்பி வந்து மறுபடி அதே செடிகளிடம் உட்கார்ந்தார்.

சித்தர்கள் பற்றிய கேள்விக்குள் நான் போகவில்லை. ஒரு செடி எந்த நோய்க்கு ஆகும் என்று முன்னோர் சொன்னதால்தான் அசிமா அதைக் கையில் எடுத்தார். அதற்குள் எந்தப் பொருள், எவ்வளவு, எந்த அளவில் நஞ்சு என்பது வேறு வேலை. இதில் சண்டைக்கே இடமில்லை.

நான் படித்த கல்லூரியில் ஒரு வேதியியல் ஆசிரியை இருந்தார். நன்னாரி வேரில்தான் அவருக்கு ஆராய்ச்சி. அந்தப் பக்கத்தில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர் என்று எல்லோரும் சொல்வார்கள். ஓய்வுபெறும் நாளில் மேடையில் பேசிய அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள். எளிமையானவர், தாயுள்ளம் கொண்டவர், முதல் பெண். நன்னாரி என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. ஏற்புரைக்கு எழுந்தவர் தன்னைப் பற்றி ஒன்றும் பேசாமல் நன்னாரியின் மணத்தைப் பற்றிப் பேசினார். அந்த மணத்துக்குக் காரணமான பொருளிலும், வெனிலா வாசனையைத் தருகிற வெனிலினிலும் இருப்பவை அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. இடம் மட்டும் மாறியிருக்கிறது, அதனால்தான் மணம் வேறு என்று விளக்கினார். முகமெல்லாம் வெளிச்சம். கூட்டம் பாதிக்கு மேல் டீ குடிக்க எழுந்து போய்விட்டது.

அதைவிட மோசம் பிறகு நடந்தது. அறையைக் காலி செய்தபோது அவருடைய அலமாரியில் இருந்த சிறு குப்பிகளை, தேதியும் செடி பறித்த ஊரும் எழுதி ஒட்டிய குப்பிகளை, குப்பையோடு சேர்த்து வாரிக் கொட்டினார்கள். பொன்னாடை போர்த்திய அதே வாரத்தில்! மனுஷியைக் கொண்டாடி, அவர் செய்த வேலையைத் தெருவில் போடுகிற இந்தப் புத்தியை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஐயா, உங்கள் கடிதத்திலும் அந்தப் புத்தியின் சாயல் இருக்கிறது. மகள் மேல் எவ்வளவு பிரியம் இருந்தால் தேடிப் படித்திருப்பீர்கள் என்பதும் தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அனுப்புங்கள். எல்லோருக்கும் அப்படி அமையுமா என்றால், விருது அமையாது. வேலை அமையும். கரிம வேதியியலில் எம்.எஸ்சி. சேரட்டும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) எடுத்துவிட்டால் ஆராய்ச்சிக் காலத்தில் உதவித்தொகை வரும், உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்காது. மூலிகைகளுக்கென்றே லக்னோவில் ‘சிமாப்’ என்ற மத்திய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. இதற்கெல்லாம் வருடங்கள் ஆகும். நடுவில் கல்யாணப் பேச்சு எடுக்காதீர்கள்.

அப்புறம், அவளுக்கு எந்தச் செடி மேல் ஆசை என்று நீங்கள் எழுதவே இல்லை. கேட்டு எழுதுங்கள்.