சிங்கப்பூரில் தன்பாலீர்ப்பாளர்கள் ஒன்றுகூடத் தொடங்கிய காலத்தில் தமிழர்களும் இருந்தார்களா?

இருந்தோம், விரல்விட்டு எண்ணும் அளவுக்கு.

1993ல் 'பீப்பிள் லைக் அஸ்' என்ற தன்பாலீர்ப்பாளர் குழு தொடங்கியது. அதே வருஷம்தான் தன்பாலீர்ப்பு ஆண்கள் சந்திக்கும் இடமான தஞ்சோங் ரூவில் சாதாரண உடையில் வந்த போலீசார் 12 ஆண்களைப் பிடித்தார்கள். பிரம்படித் தண்டனையும் கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்த பயத்தோடுதான் 1995ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆர்மீனியன் ஸ்ட்ரீட் போனேன். பழைய துணை மின்நிலையம் ஒன்றைக் கலைக்கூடமாக்கி சப்ஸ்டேஷன் என்று பெயர் வைத்திருந்தார்கள். மாதாந்திரக் கூட்டம் அங்கேதான். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆங்கிலப் பேச்சு, பெரும்பாலும் சீன முகங்கள்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "சாப்பிட்டாச்சா தம்பி?" அந்த இடத்தில் தமிழ் கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. கண் கலங்கிவிட்டது. அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். அண்ணே என்றே இன்றுவரை கூப்பிடுகிறேன். தமிழர்கள் நிறைந்த தேக்காவில் டீ குடிக்கலாமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார். சிராங்கூன் ரோட்டில் பத்தடி நடப்பதற்குள் "நீ இன்னார் மகன்தானே?" என்று ஒருவர் நிறுத்திவிடுவார். போலீசை விட எங்களுக்கு அந்தக் கேள்விதான் பயம். அண்ணன் வீட்டில், எங்களைப் பற்றி ஒரு செய்தி பேப்பரில் வந்தால், யார் கண்ணிலும் படுவதற்குள் அவர் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துவிடுவாராம்.

சங்கச் சட்டப்படி பத்துப் பேர் சேர்ந்தாலே பதிவு செய்ய வேண்டும். அதனால் 1996ல் பத்துப் பேர் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்தார்கள். நான் போடவில்லை. போட்டவர்களை இன்றும் வணங்குகிறேன். 1997ல் காரணம் சொல்லாமல் மறுத்துவிட்டார்கள், 2004ல் மறுபடியும் மறுப்பு. இருந்தும் கூடுவது நிற்கவில்லை.

2008ல் ஹொங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் குடிமக்கள் போலீஸ் அனுமதி இல்லாமல் ஆர்ப்பாட்டம் நடத்தலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அடுத்த மே மாதமே எங்களுக்கு ஆதரவான முதல் பிங்க் டாட் கூட்டம் அங்கே நடந்தது, சுமார் 2,500 பேர். என் அக்கா இளஞ்சிவப்புச் சேலையில் வந்தாள். ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப்பிரிவை எதிர்த்து 2010ல் நீதிமன்றம் போன வழக்கறிஞர் எம்.ரவி தமிழர். வழக்கு கடைசியில் தோற்றது. ஆனால் அதைத் தொடுக்கவே உரிமையில்லை என்ற வாதத்தை 2012ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. அதுவே எங்களுக்குப் பெரிய விஷயம்.

2022 நவம்பர் 29ல் நாடாளுமன்றம் 377ஏ-வை நீக்கியது. திருமணத்தின் வரையறையை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி அன்றே அரசியலமைப்பையும் திருத்தினார்கள். அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது. அன்று இரவு அண்ணனுக்குப் போன் போட்டேன். தம்பி மகன் குடும்பத்தோடு கூடத்தில் உட்கார்ந்து டிவியில் தமிழ்ச் செய்தி பார்த்தாராம். "நான் சேனலை மாத்தலப்பா" என்றார்.