கொரோனா காலத்தில் அமெரிக்க அரசு கொடுத்த பணம் மக்களைச் சோம்பேறி ஆக்கியதா?

இல்லை. 2020-ம் வருடம் முழுக்க நான் நியூஜெர்சியில், எடிசனில் இருந்தேன். கண்ணால் பார்த்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

2020 ஏப்ரல் ஒரே மாதத்தில் அமெரிக்காவில் 2 கோடிக்கும் மேல் வேலைகள் போயின, வேலையின்மை 14.7 சதவீதத்தைத் தொட்டது. டெக்சாஸ் சான் அன்டோனியோவில் இலவச உணவுப் பொருளுக்காக ஒரே நாளில் சுமார் 10,000 குடும்பங்கள் காரில் வரிசை கட்டி நின்றன. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, கார் வைத்திருப்பவனுக்கு என்னப்பா கஷ்டம் என்று ஊரிலிருந்து மாமா கேட்டார். இங்கே பல ஊர்களில் கார் இல்லாவிட்டால் வேலைக்கே போக முடியாது மாமா, அதுவும் பலருக்குக் கடனில்தான் ஓடுகிறது என்றேன்.

எங்கள் கீழ்வீட்டுப் பெண்மணி ஓட்டலில் பரிமாறும் வேலை பார்த்தவர், இரண்டு பிள்ளைகள். மார்ச் நடுவில் வேலை போனது. வேலை இழந்தவர்களுக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க விடியற்காலையிலேயே எழுந்து உட்காருவார், இணையதளம் பாதியில் நின்றுவிடும், போன் போட்டால் லைன் கிடைக்காது. முதல் பணம் வர ஐந்து வாரம் ஆனது. அதுவரை பள்ளியில் கொடுத்த மதிய உணவுப் பொட்டலத்தில் பாதியைப் பிள்ளைகள் ராத்திரிக்கு எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

ஏன் அவ்வளவு தாமதம்? பல மாநிலங்களில் இந்தக் கணக்கெல்லாம் பல பத்தாண்டு பழைய கணினிகளில் ஓடியது. கோபோல் என்ற பழைய கணினி மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று அப்போது எங்கள் ஆளுநராக இருந்த பில் மர்ஃபி வெளிப்படையாகவே கேட்டார். மெயின்ஃப்ரேம் என்ற அந்த மாதிரிப் பெரிய கணினிகளில் வேலை பார்க்கும் எனக்கு அதைக் கேட்டபோது மனசு கனத்துப் போனது. சோம்பேறி என்ற பேச்சும் இங்கிருந்துதான் தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் பழைய சம்பளம் எவ்வளவோ அதற்கேற்ற தொகையைக் கணக்கிட அந்தக் கணினிகளால் முடியாது என்பதால்தான், மாநில உதவித்தொகைக்கு மேல் எல்லாருக்கும் வாரம் 600 டாலர் என்று ஒரே தொகையாக வைத்தார்கள். குறைந்த சம்பளக்காரர்கள் பலருக்கு அது பழைய சம்பளத்தைத் தாண்டியது. ஆனால் கடையே மூடிக் கிடந்தபோது அவர்கள் எந்த வேலைக்குப் போயிருக்க வேண்டும்? ஜூலை கடைசியில் அந்த 600-ம் நின்றுவிட்டது.

எல்லாருக்கும் கிடைத்தது என்றும் நினைக்க வேண்டாம். என் மனைவி அப்போது எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தரும் விசா) இருந்தார், சமூகப் பாதுகாப்பு எண் என்ற அரசு அடையாள எண் கிடையாது. கணவன் மனைவி சேர்ந்து வரிக்கணக்கு காட்டி, ஒருவருக்கு அந்த எண் இல்லையென்றால், வேலை போகாதவர்களுக்கும் சேர்த்து ஆளுக்கு 1,200 டாலர் என்று வந்த முதல் உதவித்தொகை குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பது சட்டம். இங்கேயே பிறந்த என் மகளுக்கு உரிய 500 டாலரும் அதோடு போனது. ஒழுங்காக வரி கட்டிய வீட்டில் அது எப்படி வலிக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். டிசம்பரில் வந்த அடுத்த சட்டம்தான் அதைச் சரிசெய்தது.

அப்புறம் 2021-ல் வந்த குழந்தைகளுக்கான வரிச்சலுகை. ஆறு வயதுக்குக் கீழ் என்றால் வருடத்துக்கு 3,600 டாலர், அதற்கு மேல் 3,000, அதில் பாதி ஜூலை முதல் மாதாமாதம் வங்கிக்கே வந்தது. கீழ்வீட்டுக்காரர் முதல் மாதப் பணத்தில் பிள்ளைகளுக்கு ஷூ வாங்கினார், மீதியை வாடகைப் பாக்கிக்குக் கட்டினார். உதவித்தொகைகளையும் கணக்கில் சேர்க்கும் அளவுகோலில் குழந்தை வறுமை அந்த ஆண்டு 5.2 சதவீதமாக இறங்கியது. சலுகையை நீட்டிக்க செனட்டில் ஆதரவு போதவில்லை. 2022-ல் அதே அளவுகோல் 12.4 சதவீதம் காட்டியது.