மனநல மருந்துகளின் பக்கவிளைவுகள்: வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

கேள்வி: மனச்சோர்வுக்காக எஸ்சிட்டலோபிராம் மாத்திரை சாப்பிடத் தொடங்கி ஐந்து நாட்கள் ஆகின்றன. குமட்டலும் படபடப்பும் கூடியிருக்கின்றனவே தவிர, மனம் சற்றும் தெளியவில்லை. இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: ஐந்து நாட்களில் அந்த முடிவுக்கு வர வேண்டாம். இவ்வகை மருந்துகளில் தொல்லை முன்னால் வரும். பலன் பின்னால்தான் வரும். நம் உடலிலுள்ள, நரம்புகளிடையே செய்தி கடத்தும் செரோட்டோனின் என்னும் வேதிப்பொருளில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில் இருப்பதால், அதன்மீது செயல்படும் மருந்தை வயிறுதான் முதலில் உணர்கிறது. உணவுக்குப் பின் மாத்திரையைச் சாப்பிட்டால் குமட்டல் குறையும். பெரும்பாலோருக்கு ஓரிரு வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். மனநிலையில் மாற்றம் தெரிய 2 முதல் 4 வாரங்களும், முழுப் பலன் கிடைக்க 6 முதல் 8 வாரங்களும் ஆகலாம். படபடப்பு தாங்க முடியாததாக இருந்தால், அளவைக் குறைத்து மெதுவாக உயர்த்தும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. தற்கொலை எண்ணம் புதிதாகத் தோன்றினாலோ, முன்பிருந்தது வலுத்தாலோ அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். இளம் வயதினரிடம் சிகிச்சையின் தொடக்கத்தில் இந்த ஆபத்து சற்றுக் கூடுவதால், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004-இல் சிறுவர்களுக்கென அறிவித்த எச்சரிக்கையை 2007-இல் 24 வயது வரையிலானவர்களுக்கும் நீட்டித்தது.

கேள்வி: மனச்சிதைவுக்கான ஹாலோபெரிடால் மருந்தைத் தொடங்கிய பிறகு என் தம்பியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நோய் முற்றுகிறதோ என்று பயமாக இருக்கிறது. மருந்தின் அளவைக் கூட்ட வேண்டுமா?

பதில்: தயவுசெய்து அவசரப்பட்டுக் கூட்ட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது அகதிசியா என்னும் பக்கவிளைவாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இதற்கு ஆளானவர் உட்கார்ந்திருக்கும்போது கால்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருப்பார், எழுந்து நடப்பார், நின்றாலும் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றியபடியே நிற்பார். உள்ளிருந்து ஏதோ பிடித்துத் தள்ளுவது போல இருக்கிறது என்பார். இதை நோயின் கொந்தளிப்பு என்று எண்ணி அளவைக் கூட்டினால் தவிப்பு இன்னும் பெருகும். மருத்துவமனைகளில்கூட இந்தக் குழப்பம் நேர்வதுண்டு என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

“மனம் அலைபாய்கிறதா, கால்கள் நிற்க விடவில்லையா?” என்று தம்பியையே கேளுங்கள். அவருடைய பதிலையும், தவிப்பு எந்தத் தேதியில் தொடங்கியது என்பதையும், அதற்குமுன் மருந்திலோ அளவிலோ என்ன மாறியது என்பதையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் குறைப்பது, வேறு மருந்துக்கு மாற்றுவது, படபடப்பைத் தணிக்கும் ப்ராப்ரனலால் மாத்திரையைச் சேர்ப்பது என வழிகள் இருக்கின்றன. கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டாலோ, கண்விழிகள் மேலே செருகி நின்றாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பார்ப்பவரைக் கலங்கடிக்கும் இந்த நிலை பெரும்பாலும் ஓர் ஊசியில் விரைவாகவே சரியாகிவிடும். கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, நினைவுக் குழப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் அது உயிருக்கே ஆபத்தான அவசரநிலை.

கேள்வி: மனச்சிதைவுக்கான ஓலான்சபின் மருந்தை எடுக்கும் என் மகள் எந்நேரமும் பசிக்கிறது என்கிறாள், எடை ஏறிக்கொண்டே போகிறது. சொன்னால் கேட்பதில்லை.

பதில்: அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். பசியைத் தூண்டி, வயிறு நிறைந்த உணர்வைத் தாமதப்படுத்துவது மருந்தின் வேலை. அதை மன உறுதியின் குறைவாகப் பார்ப்பது அவளுக்கு இழைக்கும் அநீதி. தொடக்க வாரங்களில் வாரந்தோறும் எடை பார்க்க வேண்டும். இரத்தச் சர்க்கரையையும் கொழுப்பையும் சிகிச்சையின் தொடக்கத்திலும், மூன்றாம் மாதத்திலும், பின்னர் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். எடையை அதிகம் ஏற்றாத அரிப்பிப்ரசோல் போன்ற மருந்துக்கு மாறலாமா, சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மெட்ஃபார்மின் சேர்க்கலாமா என்று கேளுங்கள்.

கேள்வி: மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மருந்தை எடுக்கிறேன். கைகள் நடுங்குகின்றன. ஆபத்தா?

பதில்: நடுக்கத்தின் தன்மையைப் பொறுத்தது. விரல்களை நீட்டும்போது மட்டும் தெரியும் மெல்லிய நடுக்கம் பலருக்கும் உண்டு. அதுவே பெரிதாகி, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் ஆகியவற்றுடன் சேர்ந்தால் லித்தியம் நச்சு அளவை எட்டியிருக்கலாம்; அடுத்த வேளை மாத்திரையை எடுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பொதுவாக இரத்தத்தில் இதன் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும். கடைசி வேளைக்கு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தால்தான் கணக்குச் சரியாக வரும். உடலில் நீர் வற்றினாலும், உப்பைத் திடீரெனக் குறைத்தாலும், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை எடுத்தாலும் அளவு ஏறிவிடும்.

கேள்வி: மனச்சோர்வு மருந்து தொடங்கியதிலிருந்து தாம்பத்திய உறவில் நாட்டமே இல்லை. மருத்துவரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: மனச்சோர்வு மருந்துகளில் இது மிகப் பரவலானது, காத்திருந்தால் தானாகச் சரியாவதும் குறைவு. ஒரே வரியில் எழுதிக் கொடுத்தாலும் போதும். மருந்தை மாற்ற வழி உண்டு.

கேள்வி: நலமாக இருக்கிறேன் என்று, மனச்சோர்வுக்கான வென்லாஃபாக்சினை நானே நிறுத்தினேன். மூன்றாம் நாளிலிருந்து தலைசுற்றலும், மண்டைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வும். இதற்கு அடிமையாகிவிட்டேனா?

பதில்: இல்லை. மருந்தின் மீது தீராத வேட்கையோ, அளவைக் கூட்டிக்கொண்டே போகும் தேவையோ உங்களுக்கு இல்லை. பழகிய மருந்து திடீரென விலகியதற்கு மூளை காட்டும் எதிர்வினைதான் இது. உடலிலிருந்து விரைவாக வெளியேறும் வென்லாஃபாக்சின், பராக்சிடின் ஆகியவற்றில் இது அதிகம். மெதுவாக வெளியேறும் ஃப்ளூவாக்சிடினில் குறைவு. நிறுத்திய சில நாட்களுக்குள் தொடங்கி, மருந்தை மீண்டும் எடுத்ததும் ஓரிரு நாளில் தணிந்தால் அது நிறுத்தியதன் விளைவு. வாரங்கள் கழித்து, தூக்கமும் ஆர்வமும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் நோய் திரும்புகிறது என்று பொருள். மருத்துவரிடம் பேசி மீண்டும் தொடங்குங்கள். பின்னர் வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைக்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பது இந்த மருந்துக்குப் பொருந்தாது; மெதுவாகக் கரையும் வகை என்றால் அதை நசுக்கவோ மெல்லவோ கூடாது.