பதிவேட்டை யாருக்காக எழுதுகிறார்கள்?

கேள்வி: ஆப்பிரிக்க நாடுகளின் கிராமச் சுகாதார நிலையங்களில் செவிலியர்கள் நாள்தோறும் பல பதிவேடுகளை எழுதியும், அந்தத் தகவல்கள் எந்த முடிவுக்கும் பயன்படுவதில்லை என்று படித்தேன். கணினி வசதி இல்லாததுதான் காரணமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கணினிப் பற்றாக்குறையும் ஒரு காரணம்தான். ஆனால், புள்ளிவிவரத்தைப் பார்ப்பவரின் கையில் பணத்தை ஒதுக்கும் அதிகாரம் இருக்கிறதா என்பதே அதைவிடப் பெரிய கேள்வி.

தான்சானியாவின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அந்நாட்டின் சுகாதார அமைச்சகமும் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையமும் இணைந்து, 1990களில் மொரோகோரோ, ருஃபிஜி ஆகிய இரு மாவட்டங்களில் ஒரு திட்டத்தை நடத்தின. பெரும்பாலான மரணங்கள் மருத்துவமனைக்குத் தெரியாமல் வீட்டிலேயே நிகழ்ந்ததால், களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, இறந்தவருக்குக் கடைசி நாட்களில் என்னென்ன அறிகுறிகள் இருந்தன என்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுதினார்கள். மொரோகோரோவில் அகால மரணங்களால் இழந்த ஆயுட்காலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு மலேரியா காரணமாக இருந்தது. 1996ஆம் ஆண்டின் சுகாதாரச் செலவில் அந்நோய்க்குக் கிடைத்ததோ வெறும் 5 விழுக்காடு. இந்த முரண் எளிய விளக்கப்படமாக மாவட்ட அதிகாரிகளின் முன் வைக்கப்பட்டது. நிர்வாக அதிகாரம் மாவட்டங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுவந்த காலம் அது என்பதாலும், சிறிதளவு கூடுதல் நிதி அவர்கள் கையில் இருந்ததாலும், கொசுவலைகளுக்கும் குழந்தை நோய்களுக்கான ஒருங்கிணைந்த சிகிச்சைக்கும் பணத்தைத் திருப்ப அவர்களால் முடிந்தது. ஐந்தாண்டுகளில் அம்மாவட்டங்களில் குழந்தை இறப்பு 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. அதே விளக்கப்படம் தலைநகரின் கோப்பு ஒன்றில் முடங்கியிருந்தால் இது நடந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

மேலிருந்து வரும் பணம் தகவலைக் கெடுப்பதும் உண்டு. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘காவி’ (Gavi) என்னும் பன்னாட்டுத் தடுப்பூசிக் கூட்டணி, கூடுதலாக முத்தடுப்பூசி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னி ஆகியவற்றுக்கு எதிரான ஊசி) பெற்றதாக அரசுகள் அறிவித்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20 டாலர் வழங்கியது. பல நாடுகளின் அறிக்கைகள் காட்டிய வளர்ச்சி வீட்டுக் கணக்கெடுப்புகளில் தென்படவில்லை என்று, 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. இதற்காகச் செவிலியர்களைக் குறைகூறுவது அநியாயம். எண்ணுக்கு விலை வைத்தது அவர்கள் அல்லர்.

இனி, கணினி. நிறவெறி ஆட்சிக்குப் பிந்தைய தென்னாப்பிரிக்காவில் உருவாகி, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் துணையுடன் வளர்ந்த டி.எச்.ஐ.எஸ். 2 (DHIS2) என்னும், சுகாதாரத் தகவல்களைத் தொகுக்கும் இலவச மென்பொருளைக் கென்யா 2011இல் நாடு முழுவதும் இணையவழியில் நடைமுறைப்படுத்தியது. மாவட்ட அறிக்கைகளைத் தொகுக்கும் சுமையை அது பெரிதும் குறைத்தது. ஆயினும், எச்.ஐ.வி. சிகிச்சைக்கு நிதி தரும் வெளிநாட்டு அமைப்புகள் தமக்கென்று தனி அறிக்கை கேட்கும்போது, ஒரே நோயாளியை ஒரே செவிலியர் இருமுறை கணக்கெழுத வேண்டியிருக்கிறது. அந்தச் சுமையை எந்த மென்பொருளாலும் இறக்கிவைக்க முடியாது, நிதி தருவோர்தான் ஒரே படிவத்துக்கு இணங்க வேண்டும்.