எல்லையில் ஓர் அணை, லண்டனில் ஒரு படிப்பு

கேள்வி: லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் 'சுற்றுச்சூழல், அரசியல், சமூகம்' முதுகலைப் படிப்பு, ஏலத்தோட்டத் தொழிலாளியின் மகளான எனக்கு ஏற்றதா?
– வாசகி, குமுளி

பதில்: ஏற்றதுதான். முழுநேரமாகப் படித்தால் ஓராண்டு. இயற்கை வளம் யார் கையில் இருக்கிறது, அதனால் யார் இழக்கிறார்கள் என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வி. அதற்கு உங்கள் ஊரே பாடம். 1886-இல் 999 ஆண்டுகளுக்கு எழுதப்பட்ட குத்தகையின்படி, கேரள மண்ணில் நிற்கும் முல்லைப் பெரியாறு அணையைத் தமிழ்நாடு இயக்குகிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த 142 அடி என்ற நீர்மட்ட அளவு, தமிழ்நாட்டின் கம்பத்து விவசாயிக்கு நெல்லாகவும், அணைக்குக் கீழே கேரளத்தின் வண்டிப்பெரியாறு ஊரில் ஆற்றங்கரையில் குடியிருப்பவருக்கு மழை இரவின் அச்சமாகவும் பொருள்படுகிறது. எல்லையின் இரு புறமும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு என்பதை வெளியூரார் பலர் அறியார். விண்ணப்பக் கட்டுரையில் அதையே எழுதுங்கள். கட்டணம் மிக அதிகம். உதவித்தொகை உறுதியாகும் முன் பெற்றோரின் பிஎஃப் பணத்தைத் தொட வேண்டாம்.